கேரி தீவில் நான் தள்ளிய சைக்கிள்

என் சுபாவுக்கு,

நான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் அப்பா போட்டுக் கொடுத்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை அப்படி ஓடவிட முடியாது, வரிவரியாகத்தான் படித்தாக வேண்டும். அடுத்த மாதம் நீ வேலைக்காகக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குப் போகிறாய். நல்ல சம்பளம், கம்பெனியே தங்க வீடு தருகிறது என்றெல்லாம் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். என்னிடம் நீ முதலில் சொன்னது வேறு. அங்கே மலை இருக்கிறது, சைக்கிள் ஓட்ட நல்ல பாதை இருக்கிறது என்றாய். என்னிடம் உண்மையைச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம். பெட்டி கட்டும் நேரத்தில் எல்லா அம்மாக்களுக்கும் வருகிற புத்திமதி எனக்கும் வண்டி வண்டியாக வருகிறது. அங்கங்கே தூவிவிடுகிறேன், நீ தப்பிக்க முடியாது. இதை மலர் அக்காவுக்கும் தண்ணீர்ப் பந்தல் பெண்களுக்கும் படித்துக் காட்டத்தான் போகிறேன். நம் வீட்டில் எந்த விஷயம் நாலு பேருக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது?

நான் கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பக்கமெல்லாம் இப்போது கொண்டோமினியம் நிற்கிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. காலையில் கழிப்பறைக்கு வரிசையில் நின்றவளுக்கு லிஃப்ட் வைத்த கட்டடத்தின் மேல் கோபம் வராது. ஆனால் அங்கே வளர்ந்ததில் ஒரு பழக்கம் என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வரிசை வீடுகளில் யாரும் எதையும் தனியாகச் செய்ததில்லை. ஒருத்திக்குப் பல் பிடுங்க வேண்டுமென்றால் கிளினிக்குக்கு ஒரு கூட்டமே போகும். நான் கார் லைசன்ஸ் எடுக்கப் போன அன்று என் அப்பா, அம்மா, சித்தி, உன் மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் வேன் பிடித்து வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டிய இடம் வந்தது. சித்தி வேலியைப் பிடித்துக்கொண்டு பிரேக்கு, பிரேக்கு என்று கத்தினார். நான் பதறிப்போய் மிதித்தேன், எஞ்சின் நின்றது, ஃபெயிலாகிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பரிசோதித்த அதிகாரியைத்தான் எல்லாரும் சேர்ந்து திட்டினோம். சித்தியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கூட வருவதும் கத்துவதும் கையைப் பிடிப்பதும்தான் பாசம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

உன் மாமா பத்துமலையில் காவடி எடுத்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். காவடி அவர் தோளில்தான், ஆனால் சுற்றி நாங்கள் ஒரு படையே நடப்போம். எனக்கு ஸ்டூல் தூக்கும் வேலை. மாமாவின் கால் தள்ளாடினால் ஓடிப்போய்ப் பின்னால் ஸ்டூலை வைக்க வேண்டும். உன் அப்பா மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றுவார். யாராவது கெண்டைக்காலை நீவிவிடுவார்கள். படியில் ஏறும்போது இடுப்பைத் தாங்கி ஏற்றுவோம். வேண்டாம், விடுங்கள் என்று மாமா சொல்வார், நாங்கள் காதில் வாங்கியதே இல்லை. மாமா தனியாக ஏறினார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். அவருக்கு முட்டி போய், காவடி நின்றபோது எங்களுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. மலர் அக்காவும் நானும் நம் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆரம்பித்தது அப்படித்தான். மோர், ரோஸ் சீராப், சுண்டல், எலுமிச்சை சாதப் பொட்டலம். எங்கள் பந்தலைக் குடிக்காமல் தாண்டிப் போகிறவர் பின்னால் மலர் அக்கா டம்ளரோடு ஓடுவார். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

நீ சைக்கிள் கற்றுக்கொண்ட கதையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாய். கிள்ளானில் நம் வீட்டுக்கு முன்னால் உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் ஓடுவேன். விடும்மா, விடும்மா என்பாய். விட்டால் விழுவாய் என்று நான் விடவில்லை. பள்ளி விடுமுறை முழுக்க அப்படி ஓடினோம், நான் இளைத்தேன், நீ கற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் உன் தோழி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே கற்றுக்கொண்டாய். ஒருநாள் சாயங்காலம் அவளுடைய சைக்கிளை நீயே ஓட்டிக்கொண்டு நம் தெருவுக்குள் வந்தாய். நான் வாசலிலிருந்து ஓடிவந்து கேரியரைப் பிடித்தேன். நீ விழுந்தாய். உன் முழங்காலில் இருக்கும் தழும்பு அதுதான். பாதையில் நாய் குறுக்கே வந்தது என்று உன் நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய், அதற்கு நன்றி.

பிறகு நீ படித்தாய், வேலைக்குப் போனாய், பிரிக்பீல்ட்ஸில் தோழிகளோடு வீடு எடுத்தாய். முதலில் சேர்த்த காசில் கைக்கு இரண்டு வளையல் வாங்குவாய் என்று நான் காத்திருந்தேன். நீ மலையேறும் சைக்கிள் வாங்கினாய். அதன் விலையை எனக்கு இன்றுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கட்டிலுக்கு மேலே சுவரில் அதை மாட்டி வைத்திருந்தாய். என் தலைமுறையில் கார் இல்லாதவர்கள்தான் தோட்டத்துச் சேற்றில் சைக்கிள் ஓட்டினார்கள். காசு கட்டி, பெயர் கொடுத்து, அதே சேற்றில் நாள் முழுக்க ஓட்டுவதற்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நம்பவே எனக்கு நாளாயிற்று. ஆனால் அந்தச் சைக்கிளில் ஏறியபின் உன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அலுவலகத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று வாரக்கடைசியில் வந்து படுத்துக்கிடக்கிற பெண், திங்கள்கிழமைக்குப் பயப்படாமல் இருந்தாய். அதற்காகவே நான் அதை ஏசாமல் விட்டேன்.

இப்போது கேரி தீவு. செம்பனைத் தோட்டத்துக்குள் நீ ஓட்டப்போகிற நீண்ட தூரச் சைக்கிள் போட்டி நடக்கிறது, தண்ணீர் கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் பந்தல் மொத்தத்தின் பெயரையும் கொடுத்துவிட்டேன். உனக்கு சர்ப்ரைஸ். ஏற்பாட்டாளர்கள் கொடுத்தது வாழைப்பழமும் தண்ணீரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதற்கு எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மோர் வந்தது, சீராப் வந்தது, எலுமிச்சை சாதம் வந்தது, ஸ்டூலும் வந்தது. முதல் நாள் மழை, பாதையெல்லாம் குழம்பு மாதிரிக் கிடந்தது. வந்தவர்களை வழிமறித்துச் சாப்பிடவைத்தோம். ஒரு சீன அங்கிள் எலுமிச்சை சாதத்தை ஆசை ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு, இனிமேல் மிதிக்க முடியாது என்று எங்கள் கூடாரத்திலேயே படுத்துவிட்டார். அதை நாங்கள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

பெண்களில் மூன்றாவதாக நீ வந்து சேர்ந்தாய். கண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாதபடி சேறு. உன் கெண்டைக்கால் துடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எங்களைப் பார்த்ததும் நீ சிரிக்கவில்லை, திடுக்கிட்டாய். நான் ஸ்டூலை வைத்தேன், நீ உட்காரவில்லை. மலர் அக்கா உன் காலில் தண்ணீரை ஊற்றினார். நீ ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினாய். கூடாரத்தை ஒட்டி, கடல்நீர் உள்ளே வராமல் மண்ணைக் குவித்துக் கட்டிய கரை இருந்தது. பாதை அதன் மேல் செங்குத்தாக ஏறியது. நீ பாதி ஏறினாய், பின்சக்கரம் வழுக்கிக் கீழே வந்தாய். மறுபடி ஏறினாய், மறுபடி வழுக்கியது. இன்னொருத்தி பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் செருப்பை உதறிவிட்டு ஓடி, உன் சீட்டைப் பிடித்து, கரை உச்சி வரை தள்ளிக்கொண்டு போனேன். நீ வேண்டாம், கையை எடு என்று கத்தினாய். எனக்கு நன்றாகக் கேட்டது. காவடி எடுக்கிறவரும் அப்படித்தான் கத்துவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைமேல் விசிலோடு நின்ற மலாய்க்காரர், போட்டியைக் கண்காணிப்பவர், உன் நம்பரைக் குறித்துக்கொண்டார். வெளியாள் யாரும் தொடக் கூடாது, தள்ளக் கூடாது என்பது விதி என்றார். நான் அவளுடைய அம்மா என்று மலாயில் சொன்னேன், அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நம்பினேன். அதனால்தான் அக்கா இந்த விதியே, என்று அவர் மரியாதையாகச் சொன்னார். மலர் அக்கா அவருக்கு ஒரு டம்ளர் சீராப் கொடுத்துப் பார்த்தார். குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், எழுதியதை அடிக்கவில்லை. உன் பெயரைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்திருந்தால் ரவூப் ஊரில் நடக்கிற மலைப் போட்டிக்கு நேராக இடம் கிடைத்திருக்கும், அதுவும் போயிற்று. நீ சைக்கிளைக் கழுவி, காரில் ஏற்றி, எல்லாருக்கும் வரேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன் மேல் அல்ல, அந்த விதியின் மேல். பெற்றவள் தொட்டால் குற்றம் என்று எழுதியவனுக்குப் பெற்றவளே இருந்திருக்க மாட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு நீ சில வாரம் வீட்டுக்கு வரவில்லை. வேலை அதிகம் என்றாய். நான் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து வந்தேன். நீ வீட்டுக்கு மேலே கூட்டிப் போகாமல் கீழே வடைக் கடையில் உட்கார வைத்தாய். தோழிகள் முன்னால் சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பாய். தேத்தண்ணீர் வந்து ஆறியது. பிறகு நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மா, மூணாவது எடம் போனது எனக்குப் பெரிய விஷயமே இல்ல. அந்த மேட்ட நான் ஏறியிருப்பேனா மாட்டேனா, அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் போனேன். நீ தள்ளிட்ட."

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? சரிம்மா, புரிகிறது என்றிருக்கலாம். நான் இனிமேல் உன் சைக்கிளின் நிழலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று எழுந்தேன், வடையை அப்படியே விட்டேன், மீன் குழம்பையும் திருப்பித் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். உன் அப்பா அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நன்றாகச் சாப்பிட்டார். ரயிலில் வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண் டிஷ்யூ கொடுத்தாள். ஷா ஆலம் தாண்டியபோதுதான் எனக்கு அந்த லைசன்ஸ் மேடு ஞாபகம் வந்தது. சித்தி கத்தாமல் இருந்திருந்தால் நான் அன்று வண்டியை எடுத்திருப்பேனா? எனக்கும் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது, அதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. இரண்டாவது தடவை டெஸ்டுக்குப் போகும்போது வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பாஸானேன். வீட்டில், தேதி மாறிவிட்டது, அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று பொய் சொன்னேன். மேட்டில் வண்டி பின்னால் சறுக்காமல் நின்று, முன்னால் நகர்ந்தபோது எனக்குள் வந்த அந்தத் துள்ளலை யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லை. அதைத்தான் நான் உன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன் என்று புரிந்தபோது கிள்ளான் ஸ்டேஷன் வந்துவிட்டது.

அதனால் சபாவுக்குப் போகிற பெண்ணுக்கு என் முதல் புத்திமதி, நீ என்னைப் போல இருக்காதே என்பது. உன் உடம்பில் ஓடுவதும் அதே செந்தூல் ரத்தம்தான். ஆபீஸில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறினால் நீ கையை நீட்டிவிடுவாய், அவர்கள் வேலையை நீயே செய்துவிடுவாய். கேட்கட்டும், அப்புறம் செய். நாளைக்கு உனக்கு ஒருவன் அமைந்தால், அவன் வைக்கிற ரசம் வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் கரண்டியை வாங்காதே. நான் உன் அப்பாவிடமிருந்து வாங்கிய கரண்டியை இன்றுவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவருக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம், அவரைத் திட்டுவதும் நான்தான்.

ரவூப் போட்டிக்கு நீ இன்னொரு வழியில் தகுதி வாங்கிவிட்டாய். அதைச் சொல்லத்தான் போனில் கூப்பிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வந்தாய். வராதே என்றாய். மலர் அக்கா இப்போது மகனோடு ரவூப்பில்தான் இருக்கிறார் என்பது உனக்கு ஞாபகம் இருந்தது. மலர் ஆன்ட்டியையும் அனுப்பாதே என்றாய். சத்தியம் கேட்டாய். உன் அப்பா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார், அதனால் நானும் செய்தேன். போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள், எங்கே போகிறார்கள் என்பது போனில் புள்ளியாகத் தெரியும், ஆபத்து என்றால் அதிலேயே ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் மீட்புக்காரர்கள் வருவார்கள் என்று விளக்கினாய். புள்ளியைப் பார்க்கத் தடையில்லை என்றும் சொன்னாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அப்பா போனை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கை சும்மா இருக்கக் கூடாதென்று முறுக்கு சுட ஆரம்பித்தேன். காலை முழுக்க நீ நன்றாகப் போனாய். உன் புள்ளி இன்னொரு புள்ளியைத் தாண்டும்போதெல்லாம் அப்பா எனக்குக் குரல் கொடுப்பார். மதியத்துக்கு மேல், மலை ஏறுகிற நீண்ட பாதையின் நடுவில், உன் புள்ளி நின்றது. முதலில் தண்ணீர் குடிக்கிறாள் என்றோம். பிறகு சாப்பிடுகிறாள் என்றோம். நீ தாண்டிவந்த புள்ளிகள் ஒன்றொன்றாக உன்னைத் தாண்டிப் போயின. எண்ணெயில் முறுக்கு கருகியது.

அந்த நேரம் பார்த்து மலர் அக்காவிடமிருந்து போன். அவரும் அங்கே புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுபா நிக்கிற எடம் எனக்குத் தெரியும். என் மவன்கிட்ட காட்டுப் பாதையில போற வண்டி இருக்கு, இந்தா இங்கதான், சட்டுனு போயிரலாம். சும்மா ரோட்டோரமா போற மாதிரி போறோம், ஒரு சூடு தண்ணி குடுக்கறோம். அங்க யாரு இருக்கா? ஒரு மனுசனுக்கும் தெரியாதுலா."

சுபா, என் வாய் வரைக்கும் சரி என்று வந்தது. உனக்கு நான் பொய் சொல்லி எழுதவில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா, கைலியை அவிழ்த்துவிட்டுப் பேண்ட் மாட்டிக்கொண்டு, கார் சாவியோடு நிற்கிறார். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத மனுஷன். ரவூப்பில் இப்போது டுரியான் பழச் சீசன், சும்மா போய் வாங்கிக்கொண்டு வரலாமே என்கிறார். கிள்ளானில் கிடைக்காத டுரியானா? நான்தான் எப்போதும் ஓடுகிறவள், அவர்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறவர். அன்று அவர் ஓடக் கிளம்பியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவர் கையிலிருந்து சாவியை வாங்கி என் புடவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"வேணாம்க்கா. நீங்க போவாதீங்க. அவ பட்டன அமுக்கட்டும், நானே பறந்து வரேன். அமுக்கலன்னா அவளுக்கு நம்ம வேணாம்."

கல் நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டு மலர் அக்கா போனை வைத்துவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு வந்த அம்மைக்கும் காய்ச்சலுக்கும், உன் முதல் பள்ளி நாளுக்கும், எல்லாவற்றுக்கும் இந்தக் கைகளுக்கு ஒரு வேலை இருந்தது. ஒன்றும் செய்யாமல் உன்னை நேசிப்பது எனக்குப் பழக்கமில்லை. அது வலித்தது, நேராகச் சொல்கிறேன், பிரசவத்தில்கூட நான் அப்படிக் கெட்ட வார்த்தை நினைத்ததில்லை. கடவுளைக் கூப்பிடலாம் என்றால் அதுவும் வெளி உதவியில் சேருமோ என்று ஒரு சந்தேகம். உன் அப்பாவிடம் கேட்டேன். கூப்பிடு, அவரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்.

ரொம்ப நேரம் கழித்து உன் புள்ளி அசைந்தது. அப்பா நம்பவில்லை, போனைத் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் அசைந்தது. நடந்து ஏறுகிறாள் என்றார், பிறகு, இல்லை, ஓட்டுகிறாள் என்றார். உச்சியைத் தாண்டிப் புள்ளி கீழே விறுவிறு என்று இறங்கியபோது நாங்கள் இரண்டு பேரும் கருகிய முறுக்கைத் தின்றுகொண்டிருந்தோம், ஏன் தின்கிறோம் என்று தெரியாமல். கிட்டத்தட்ட கடைசி ஆளாகத்தான் வந்தாய், ஆனால் முடிவுக் கோட்டை மூடும் நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டாய். முடித்துவிட்டேன் என்று ஒரு படம் மட்டும் அனுப்பினாய். அதில் உன் சிரிப்பு இருந்தது. என்னுடைய லைசன்ஸ் மேட்டுக்கு அப்புறம் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அதுதான்.

அடுத்த வாரம் நீ வீட்டுக்கு வந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, அதையும் கவனித்திருப்பாய். சாப்பிட்டுக்கொண்டே நீயாகத்தான் சொன்னாய். செயின் அறுந்தது, மாட்டத் தெரியும், ஆனால் அவசரத்தில் ஊசி மாதிரி ஒரு சின்னத் துண்டைப் புல்லில் தொலைத்துவிட்டாய், தேடி எடுத்து மாட்டியபின் கால் இரண்டும் இழுத்துக்கொண்டது, எழ முடியவில்லை, ஓரத்தில் உட்கார்ந்து அழுதாய். இதெல்லாம் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மீதியைச் சொன்னாய்.

"ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்மா. நம்ம காரு வரும்னு. சத்தியம் வாங்குனது நான்தான், ஆனா நீ வந்துருவேன்னு நெனச்சேன். வரல. உன்ன கண்டபடி திட்டுனேன். திட்டிட்டுத்தான் எழுந்தேன்."

ரசம் எடுத்து வருகிறேன் என்று நான் சமையலறைக்குப் போனேன். ரசம் மேசையிலேயே இருந்தது, உனக்கும் தெரியும். அங்கே நின்று அழுதேன், ஆனால் ரயிலில் அழுத அழுகை இல்லை இது. வரவே மாட்டார்கள் என்று தெரிந்தவள் ரோட்டைப் பார்க்க மாட்டாள். அந்த மலையில், ஒரு மனிதரும் இல்லாத இடத்தில், நீ திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாய். இத்தனை வருஷம் கேரியரைப் பிடித்து ஓடியது முழுக்க வீணாகப் போகவில்லை. நான் வராததால் நீ எழுந்தாய், நான் வருவேன் என்று நம்பியதால்தான் அதுவரை அங்கே தைரியமாக உட்கார்ந்திருந்தாய். இரண்டும் நான்தான் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன், விட்டுவிடு.

ஆனால் ஒன்று எனக்குப் பயம், அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். யாரும் வராமலே எழ முடியும் என்று நீ இப்போது தெரிந்துகொண்டுவிட்டாய். அது நல்ல ருசி, நாக்கில் ஒட்டிக்கொள்ளும். சபாவில் காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போதோ, வேலையில் யாராவது உன்னை நசுக்கும்போதோ, மனசு உடைந்து ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும்போதோ, பட்டனை அமுக்காமல் இருப்பதுதான் வீரம் என்று நினைத்துவிடாதே. அந்தப் பட்டனை யாரும் அழகுக்கு வைக்கவில்லை. எது மேடு, எது பள்ளம் என்று உனக்குத் தெரியும். மேட்டை நீயே ஏறு. பள்ளத்தில் விழுந்தால் கூப்பிடு. அந்தப் போனை நான் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்க மாட்டேன்.

இடையில் கடல் இருக்கிறது, காரில் வந்துவிட முடியாது என்பது உன் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. நானோ விமானத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கலாம் என்பது வரை விசாரித்து வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் அன்றைக்கே வருவேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். இதில் எனக்கு எது கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா